சாம்பிள்காரர்

ஓமலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த இரும்புத் தட்டைக் கோழிகளின் எதிர்ப்பையும் பண்ணைக்காரரின் சந்தேகத்தையும் மீறி வென்றெடுத்தது. பள்ளிபாளையத்தில் பரோட்டாக் கல்லாக உத்தியோகம் மாறியிருந்த இன்னொரு தட்டைச் சூடு ஆறும்வரை காத்திருந்து மீட்டது. "அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க" என்று கைவிரித்த கடையின் பரணிலிருந்தே அந்தக் கம்பெனியின் நட்டை எடுக்க வைத்தது. "ஊட்டுக்காரர் வரலீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர்களை, "வாங்க, இன்னைக்கு என்ன ஒடஞ்சுது?" என்று கேட்க வைத்தது. இவையெல்லாம் என் தங்கை சௌந்திரத்தின் வெற்றிகள். அண்ணன் என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பக்கம் போதாது என்பதால் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வெற்றியும் ஒரு பழைய டிஸ்க்குக்காக. உழவு பழகாதவர்களுக்குச் சொல்கிறேன்: குழிந்த வட்டத் தட்டுகளை இரும்பு அச்சில் வரிசையாகக் கோத்து, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்தால் மண்கட்டிகளை நறுக்கிப் பொடியாக்கும் கருவி அது. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் டிஸ்க் என்று சொன்னால் போதும். சௌந்திரத்தின் டிஸ்க்கைச் செய்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். விற்றவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை.

ஏனென்றால் அவள் சாம்பிள்காரர் இனம்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இயந்திர உதிரிச் சாமான் கடையில் எதைக் கேட்டாலும் கடைக்காரர் தலையைத் தூக்காமல் கேட்கும் முதல் கேள்வி, "சாம்பிள் இருக்குதுங்களா?" சாதாரண மனிதர் இல்லை என்று சொல்லிவிட்டுப் புதுக் கருவிக்கு விலை விசாரிக்கப் போய்விடுவார். சாம்பிள்காரரோ இந்த ஒரு கேள்விக்காகவே பொழுது விடிந்து எழுந்து, குளித்து, பஸ் ஏறி வந்தவர். அவர் பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளைப் பிரித்து, அதற்குள் ஒரு துணியைப் பிரித்து, அதற்குள் கிரீஸ் மினுங்கும் ஒரு இரும்புத் துண்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைக்கும் அழகைப் பார்க்க வேண்டும். நகைக்கடையில் பெண்வீட்டார்கூட அத்தனை பதவிசாக வைக்கமாட்டார்கள். மேசையில் கறை படியும். அது கடைக்காரர் பாடு.

கல்யாண வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் பந்திக்கு நடக்க, இவர் வாசலில் நிற்கும் டிராக்டருக்குப் பின்னால் குனிந்திருப்பார். சாலையில் யாருடைய டிஸ்க்காவது கடகடத்துப் போனால் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பார். "ரைட்டுல ஒரு நட்டு லூசு" என்று தீர்ப்புச் சொல்வார். உடைந்ததை எறியமாட்டார், அது சாம்பிள். சாம்பிளுக்குப் பொருந்தாமல் திரும்பி வந்ததையும் எறியமாட்டார், அது வேறு எதற்கோ சாம்பிள். "கூடக் கொறய இருந்தா அரத்துல ராவிக்கலாமுங்க" என்பது அவருடைய தத்துவம். "இந்த மாதிரி இரும்பு இனி வராதுங்க" என்பது அவருடைய வேதம். போன் போட்டால் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் வாடகைக்கு வருமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டுப் பாருங்கள். மாமியாரை மாற்றிக்கொள்ளலாமே என்று நீங்கள் சொன்னதுபோல் பார்ப்பார். யோசனை பிடித்திருக்கும். செய்யமாட்டார்.

போன ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மழை. செம்மண் காடு நனைந்து நின்றது. நான்கு நாள் வெயில் அடித்தால் ஈரம் போய்விடும், அதற்குள் ஓட்டிக் கடலை விதைத்தாக வேண்டும். சௌந்திரம் டிஸ்க்கை இறக்கியதும் அச்சைச் சுழலவிடும் வலது பக்க பேரிங் கத்திக்கொண்டு உடைந்தது. தங்கையின் கணவர் கந்தவேல் நிதானமானவர். அன்றைக்கு நிதானமாகவே சொன்னார்.

"ஏம்புள்ள, வெள்ளிக்கிழமைக்குள்ள இது ஓடோணும். ஓடலீன்னா பழைய இரும்புக்காரன் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவான். பேசிப்போட்டேன்."

"ஓடுமுங்க."

"போன வருசமும் இதயேதான் சொன்ன."

"போன வருசமும் ஓடுச்சுங்களே!"

மறுநாள் காலையில் புறப்பட்டோம். அவள் சாம்பிள்காரர், நான் பை தூக்கி. இங்கேதான் அந்த இனம் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். உடைந்த பேரிங் தேய்ந்துபோயிருக்கிறது, அதை வைத்து அளவெடுத்தால் தப்பாகும் என்று, இடது பக்கம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பேரிங்கை வார்ப்பிரும்புக் கூட்டோடு கழற்றிச் சாம்பிளாக எடுத்துக்கொண்டாள். சாம்பிள் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? உள்ளூரில் இல்லை. ஓமலூரில் மூன்று கடை, மூன்றிலும் இல்லை. கடைசியில் சேலத்தில் ஜோஸ்வா என்பவர் கடையில், தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார் ஒன்றே ஒன்று. சௌந்திரத்தின் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"சாம்பிளோட வச்சுப் பாத்துக்கங்க" என்றார் ஜோஸ்வா.

பையில் கைவிட்டாள். செய்தித்தாள் இருந்தது. துணி இருந்தது. சாம்பிள் இல்லை.

ஒன்றைத் தேடிப் போய், ஒன்றை வாங்கி, ஒன்றைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினோம். டிஸ்க்குக்கு அன்று காலையிலும் ஒரு பேரிங் குறை, மாலையிலும் ஒரு பேரிங் குறை. கந்தவேல் டிஸ்க்கைச் சுற்றி வந்து, அது எத்தனை எடை தேறும் என்பதுபோல் பார்த்தார்.

கடை கடையாகப் போன் போட்டதில் ஓமலூரில் துப்புக் கிடைத்தது. அவள் மேசைமேல் மறந்து வைத்த பேரிங்கை, அதே மாதிரி தேடி வந்த இன்னொருவர் கடைச் சரக்கென்று நினைத்து, "இதேதானுங்க!" என்று வாங்கிப் போய்விட்டாராம். பெயர் பெரியசாமி. கடைக்காரரிடமே நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பேரிங் என்னுதுங்க."

"அப்படிங்களா அம்மிணி? நல்லாச் சுத்துதுங்க."

"கழட்டிக் குடுத்துருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டலீன்னா எங்க டிஸ்க்கையே எடைக்குப் போட்டுருவாங்க."

"அய்யய்யோ! ஆனா மாட்டி ஓட்டீட்டு இருக்கறனுங்களே. ஈரம் போனா வருமுங்களா?"

அது அவளுடைய வாதமேதான். பெரியசாமியே தயங்கிக் கேட்டார், "உங்குளுது முன் வரிசைத் தட்டு பல்லு வெட்டினதுங்களா?" அவ்வளவுதான். தட்டு, நட்டு, அச்சு, தட்டுகளுக்கு நடுவே வரும் இடைக்கட்டை என்று போன் சூடாகும்வரை பேசினார்கள். திருடு கொடுத்தவளும் திருட்டுச் சாமான் வாங்கியவரும் இத்தனை அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பழைய இரும்புக்காரர் குட்டியானை லோடு வண்டியோடு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். கந்தவேல் அவருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. கையில் பையோடு ஒரு மனிதர் இறங்கினார். பையிலிருந்து செய்தித்தாள், அதற்குள் துணி. சொல்ல வேண்டுமா?

"நேத்துப் பொழுதோட தெக்குக்காடு ஓட்டி முடிச்சனுங்க அம்மிணி. வடக்குக்காடு திங்கக்கிழமை ஓட்டிக்கலாம், தண்ணி கட்டற காடு" என்றார் பெரியசாமி.

இரண்டு சாம்பிள்காரர்கள் ஒரு டிஸ்க்கைச் சுற்றி உட்கார்ந்தால் என்ன நடக்கும்? எந்தத் தட்டு முன்னால் என்று ஒரு சண்டை. கிரீஸ் எத்தனை வைப்பது என்று ஒரு சண்டை. நட்டை முறுக்க ஆள் பலம் போதவில்லை. "ஏனுங், சும்மாதான இருக்கறீங்க? இந்தப் பைப்பைப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்துங்" என்று சௌந்திரம் அதட்டினாள். எடைக்கு எடுக்க வந்தவர் காப்பித் தம்ளரை வைத்துவிட்டு வந்து அழுத்தினார்.

டிராக்டரில் அவளே ஏறினாள். டிஸ்க் மண்ணில் இறங்கியது. கத்தவில்லை. கட்டிகள் உதிர்ந்து, காடு ஈரச் சிவப்பாகப் பின்னால் விரிந்துகொண்டே போனது.

பழைய இரும்புக்காரர் கந்தவேலிடம் சொன்னார்: "அண்ணா, ஓடற சாமானத் தூக்குனா எனக்குத்தான் கெட்ட பேரு."

காடு முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வரப்பில் காத்திருந்த பெரியசாமி தலையைச் சொறிந்தார். "அம்மிணி, வடக்குக்காடு இருக்குதுங்..."

வைத்துக்கொண்டிருக்கலாம். பேரிங் அவளுடையது. டிஸ்க்கும் பிழைத்துவிட்டது. ஆனால் அவள் மறுபேச்சில்லாமல் ஸ்பேனரை எடுத்துக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அப்ப நம்முளுது மறுபடியும் ஒத்தக்கால்ல நிக்கறதா?" என்றார் கந்தவேல்.

"அடுத்த மழைக்குள்ள இன்னொன்னு தேடோணுமுங்க" என்றாள் சௌந்திரம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்ததைக் கவலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கந்தவேல் போனைக் கையில் எடுத்தார். "எனக்குப் போடாதீங்" என்றார் இரும்புக்காரர்.

இந்த இனத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் படித்தும் அந்தப் பேரிங்கின் நம்பர் என்ன என்று இவன் சொல்லவே இல்லையே என்று உங்களுக்கு நடுவில் எங்காவது உறுத்தியதா? உறுத்தியிருந்தால் நான் உங்களிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பவர்களைத்தான், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

கழற்றிய பேரிங்கைக் கொடுப்பதற்குமுன் சௌந்திரம் அதன் வார்ப்பிரும்புக் கூட்டைக் கல்மேல் வைத்து, உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது.

"எதுக்குங்க அம்மிணி பேரு?"

"நாளைக்கு நீங்களும் எந்தக் கடையிலாச்சும் மறந்து வச்சுட்டு வருவீங்கல்லங்க!"

அதுவரை அந்த டிஸ்க்கில் யார் யாரோ கம்பெனிக்காரர்களின் பெயர்தான் வார்த்திருந்தது. காகிதத்தில் என் தங்கை எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இரும்பில் முதன்முதலாகத் தன் பெயரைப் போட்டது 2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை.