காளவாய்க் கதவும் பட்டு வேட்டியும்

வெந்து சுண்ணாம்பான கல், கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மறுபடி கல்லாகி உட்கார்ந்துகொண்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஒரு காட்டில் பவளக்கொடி என்ற கீரிக்கு அப்படித்தான் வயிறு எரிந்தது.

அவளும் அவள் புருஷன் சுடலையும் சுண்ணாம்புக் காளவாய் வைத்துப் பிழைத்தார்கள். கீழே அடுப்பு, மேலே கல் வேகிற அறை, அதற்கு எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரு கதவு. அவ்வளவுதான் காளவாய். சிங்கராசா வீட்டில் கல்யாணம் வந்தது. குகைக்கு வெள்ளையடிக்க வேண்டும். "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சுண்ணாம்பு வரலேன்னா, காளவாயை முள்ளம்பன்றிக்குக் கொடுத்துடுவேன்" என்று ராசா சொல்லிவிட்டார்.

பவளக்கொடி யோசித்தாள். சோற்றுப் பானையை மூடினால் சீக்கிரம் வேகிறது, விறகும் மிச்சம். கல்லுக்கும் அதே கதைதானே? கதவைச் சாத்தி, மண் குழைத்துப் பூசி, நாள் முழுக்க எரித்தாள். அடுப்பு ஆறியதும் மறுநாள் காலையில் கதவைத் திறந்து, ஒரு கல்லை எடுத்து வந்து தண்ணீர் ஊற்றினாள். நல்ல சுண்ணாம்பாக இருந்தால் சீறிப் பொங்கியிருக்கும். இதுவோ எண்ணெய் தேய்த்துக் குளித்த மாப்பிள்ளை மாதிரி கம்மென்று இருந்தது.

"ஏதோ இடுக்கு வழியா சூடு போயிருக்கு!" என்று முடிவுகட்டினாள். மறுபடி கதவைச் சாத்தி, இன்னும் கெட்டியாக மண் பூசினாள். ஒரு இடுக்கு மட்டும் அடைபடவே இல்லை. கைக்கு அகப்பட்ட துணியைச் சுருட்டித் திணித்துவிட்டு அடுப்பை மூட்டினாள்.

அப்போது கொக்குசார் வந்தார். ஒற்றைக்காலில் நின்றே சமநிலையில் பட்டம் வாங்கியவர். கல்யாண வேலைகளைப் பார்த்துவர ராசா அனுப்பியிருந்தார். இறக்கைக்குள்ளிருந்து போனை எடுத்தார்.

"இந்தச் செயலி எல்லாம் சொல்லும்மா. இடப்பக்கம் கல், வலப்பக்கம் சுண்ணாம்பு. சூடு கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு சார்."

அம்புக்குறி வலப்பக்கம் ஓடியது. பவளக்கொடி துள்ளினாள்.

"கதவு?"

"எறும்பு நுழையாது சார்!"

அம்புக்குறி தயங்கியது. பிறகு வெட்கப்பட்ட மாதிரி திரும்பி, இடப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

"கல்லுக்குள்ள சுண்ணாம்பும் ஒரு காத்தும் ஒட்டிக்கிட்டுக் கிடக்கு" என்றார் கொக்குசார். "சூடு பட்டா ரெண்டும் பிரியும். காத்து வெளியே போயிட்டா சுண்ணாம்பு உனக்கு. கதவைச் சாத்தினா? சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டியை ஒரே அறையில பூட்டின மாதிரி. எவ்வளவு நேரம்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருப்பாங்க? ராசியாயிடுவாங்க. மறுபடியும் கல்லு."

"எங்க வீட்டுல பூட்டினா கொலைதான் சார் விழும்" என்றாள் பவளக்கொடி. போனை வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். "இந்தா, இப்போ வலப்பக்கம் காட்டுது பாருங்க. உங்களுக்குப் பிடிக்கத் தெரியலே."

அந்த நேரத்தில் சுடலை வந்தான். "ஏ பவளம், கல்யாணத்துக்கு எடுத்து வெச்ச என் பட்டு வேட்டி எங்கே?"

பவளக்கொடி வானத்தைப் பார்த்தாள். கொக்குசார் கதவைப் பார்த்தார். இடுக்கில் சரிகை மினுங்கியது.

"அடிப்பாவி! மாமனார் எடுத்துக் கொடுத்தது!"

"எங்கப்பா கொடுத்ததுதானே! நான் எங்கே வேணும்னாலும் திணிப்பேன்!"

சுடலை வேட்டியை உருவினான். பாதிதான் வந்தது. ஆத்திரத்தில் கதவுக்கு விட்டான் ஒரு உதை. கதவு ஒரு பக்கம், மண் ஒரு பக்கம், கொக்குசாரின் கண்ணாடி ஒரு பக்கம். புஸ்ஸென்று காற்று வெளியே போனது. "இனி இந்த வாசப்படி மிதிச்சா என்னை ஏன்னு கேளு" என்று பின்னாலேயே சுடலையும் போனான்.

கொக்குசார் இரண்டு காலாலும் ஆடினார். "சிதறல் கூடிடுச்சு! என்ட்ரோபி ஏறிடுச்சு! கட்டுண்டு கிடந்த காத்து காடு பூராவும் பரவுது பாரும்மா. இனி ராசாவே வந்தாலும் அதைக் கூட்டி அள்ளிக் கொண்டுவர முடியாது!"

"என் புருஷனையுமா சார்?"

"அவர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவார். அது வேற கணக்கு."

அம்புக்குறி வலப்பக்கம் பறந்தது. பவளக்கொடி அடுப்பை அணையவிடாமல் எரித்தாள். பொழுது சாயுமுன் ஒரு கல்லில் தண்ணீர் ஊற்றினாள். அது சீறியது, பொங்கியது, பாலாக வெளுத்துச் சிரித்தது. காளவாய் தப்பியது! குகை பளபளத்தது. பந்தியில் முதல் இலைக்கு எதிரே, அரை வேட்டியோடு சுடலை உட்கார்ந்திருந்தான்.

ராசா மகிழ்ந்துபோய், காட்டிலுள்ள குகைக்கெல்லாம் வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார். பவளக்கொடி காளவாயை நிரப்பினாள். அடுப்பை மூட்டினாள். பிறகு கதவைச் சாத்தி, கவனமாக மண் பூசினாள்.

"ஐயோ, திறந்து வெச்சாலே போதும்மா!" என்று கொக்குசார் கதறினார்.

"எதுக்கு சார் வம்பு? போன தடவை எப்படி வந்துச்சோ அப்படியே செய்வோம்."

அன்றைக்கு சுடலையின் குழம்பில் உப்பில்லை. அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். பவளக்கொடி அவன் அம்மாவைக் கொஞ்சம் திட்டிப் பார்த்தாள். "நீ சொல்றதும் சரிதான் பவளம்" என்றான். உள்ளே கல் வெந்துகொண்டிருந்தது. பவளக்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு தடவை கோவிச்சுக்கிட்டு, அந்தக் கதவை உதைச்சிட்டுப் போங்களேன்!"

நீதி: ஒற்றுமையாக இருந்தால் கல்தான் மிஞ்சும். ஆகவே வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகவும்.