தடம் பார்ப்பவர் வீட்டு வாசல்

இனி வாழ்க்கையில் ஒருநாளும் பொய் சொல்வதில்லை என்று சர்வேயர் முடிவெடுத்தபோது, அவர் தன் வீட்டு வாசலில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார். முட்டி விண்விண் என்று தெறித்தது. முட்டி வலிக்கும்போது எடுக்கிற முடிவுகள் பெரும்பாலும் உண்மையானவை. எழுந்து நின்ற பிறகு என்ன ஆகும் என்பது வேறு விஷயம்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை. விபத்து நடந்த இடத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் போய், ரோட்டில் விழுந்திருக்கும் டயர் தடத்தைப் பார்த்து, வண்டி என்ன வேகத்தில் வந்தது, யார் எங்கே பிரேக் பிடித்தார், தப்பு யார் பேரில் என்று சொல்கிறவர். குனிந்து ஒரு பார்வை, விரலால் ஒரு தடவல், மூக்கால் ஒரு 'ம்'. அதற்குமேல் லாரி டிரைவர்கள்கூட வாதாட மாட்டார்கள். வெளியே அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் அவர் மனைவி சொன்னால் சொன்னதுதான். இரண்டும் வேறு வேறு இடமாக இருந்ததால் இத்தனை வருஷம் சிக்கல் வரவில்லை.

மனைவி ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. பிரம்பைத் தொட்டதில்லை. அதட்டியதும் இல்லை. வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால், உடைத்தது யார் என்று விசாரிக்கவே மாட்டார். ஒரு பாவமும் அறியாத பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லார் எதிரிலும், "நீ கொஞ்சம் கூட்டி அள்ளிடும்மா" என்பார். அவ்வளவுதான். மணி அடிப்பதற்குள் உடைத்த பிள்ளை தானாக வந்து அழுதுகொண்டு நிற்கும். இந்த வித்தையை அவர் சர்வேயரிடம் எத்தனையோ தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். சர்வேயரும் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு "ஓஹோ" என்றிருக்கிறார். காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தொந்தி குறைய வேண்டும் என்று டாக்டர் சொல்ல, சர்வேயர் ஒரு சைக்கிள் வாங்கினார். மனைவி தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கேட்டிலிருந்து போர்டிகோ வரை போகும் சிமெண்ட் பாதை அவர் ஆசைப்பட்டுப் போட்டது.

"கேட்டுலயே இறங்கி உருட்டிட்டு வாங்க. தரையில கோடு விழக்கூடாது."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"அதுனாலதான் சொல்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் நாலு தெரு சுற்றிவிட்டு வந்தார். காற்று நன்றாக இருந்தது. தொந்தி குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. கேட் திறந்து கிடந்தது. யாரும் இல்லை. மனிதர் வேகமாக உள்ளே நுழைந்து, பின் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்து, இடது காலை ஊன்றி, வண்டியை அரைவட்டமாகச் சுழற்றி நிறுத்தினார். சின்ன வயதில் தெருவே வாய் பிளந்து பார்த்த சாகசம். இப்போது வாய் பிளந்தது அவர் மட்டும்தான். பாதையின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு பிறை படுத்திருந்தது.

உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. சைக்கிளை போர்டிகோவில் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் மனைவி வந்து நின்றார். பிறையைப் பார்த்தார். சர்வேயரைப் பார்த்தார். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நியாயமாக சர்வேயரும் திறந்திருக்கக்கூடாது. ஆனால் பழக்கதோஷம். உட்கார்ந்து, விரலால் தடவி, 'ம்' என்றார்.

"நம்ம சைக்கிள்தான். ஆனா ஓட்டினது நான் இல்ல."

"பின்ன?"

"மதியம் உன் தம்பி சாப்பிட வந்தானே. நான் தூங்கிட்டிருந்தப்ப எடுத்து ஓட்டியிருக்கான். பாரு, தடம் லேசா விழுந்திருக்கு. ஒல்லியான ஆளு. இடது பக்கமா ஒடிச்சிருக்கான். பயந்து பிடிச்ச பிரேக்கு இது."

"தடத்துல பயமெல்லாம் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

மனைவி "அப்படியா" என்றார். அந்த 'அப்படியா'வில் ஒரு முழு ஆரம்பப் பள்ளியே நடுங்கும். சர்வேயருக்கு அது உறைக்கவில்லை.

தம்பி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். வாயில்லாப் பூச்சி. குனிந்து குனிந்து லென்ஸ் தேய்த்து முதுகு போனவன். மனைவி அங்கேயே நின்று அவனுக்கு போன் போட்டார்.

"டேய், வாசல்ல சைக்கிள் கோடு போட்டுட்டியாம். மாமா தடம் பார்த்துச் சொல்லிட்டார்... ஆமாண்டா, மாமா சொன்னா தப்பா இருக்குமா... சரி, சனிக்கிழமை வந்து தேய்ச்சுக் குடுத்துடு." பிறகு ரெண்டு எட்டு தள்ளிப் போய், குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்லிவிட்டு வந்து போனை நீட்டினார். "உங்ககிட்ட பேசணுமாம்."

"மாமா, மன்னிச்சிடுங்க மாமா" என்றது போன். "தெரியாம நடந்துபோச்சு. முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு. ஆனாலும் வந்து தேய்ச்சிடறேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. சர்வேயர் சொன்னது இதுதான்:

"பரவாயில்ல மாப்ள. மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். ஒத்துக்கிட்ட பாரு, அது பெருசு."

போனை வைத்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கு எட்டியது. உடம்பெல்லாம் கூசியது. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. விபத்து நடந்த ஒரு இடத்தில் வேன் டிரைவர், "சார், தப்பு என் பேர்ல இல்ல சார், தடத்தை இன்னொரு தடவை பாருங்க" என்று கெஞ்சியபோது, வழக்கமாக மூக்கால் 'ம்' என்கிறவர், உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தார். கண்ணாடிக்காரன் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிகிற காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. பொய்யை வாபஸ் வாங்கவும் தைரியம் இல்லை. தம்பியை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி மன்னித்தும் விட்டாயிற்று. இனி எந்த முகத்தோடு திருப்பிச் சொல்வது?

ஒரே வழிதான். அவன் வருவதற்குள் தடமே இருக்கக்கூடாது.

சனிக்கிழமை காலை மனைவி பள்ளிக்கூட மீட்டிங்குக்குக் கிளம்பினார்.

"தம்பி வருவான். வாளி, பிரஷ், சோப்பு எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். ஆசிட்டும் இருக்கு. ரப்பர் உறை வாங்கி வெச்சிருக்கேன், கை வெந்துடப் போகுது."

"நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்குவீங்க" என்றார் மனைவி. போய்விட்டார்.

சர்வேயர் உறையை மாட்டினார். கச்சிதமாக இருந்தது. கண்ணாடிக்காரனின் கை குருவிக் கை, அவருடையது பலாப்பழக் கை. அந்த உறை அவருக்கு எப்படி அளவெடுத்தது போலப் பொருந்தியது என்று தடம் பார்க்கும் நிபுணர் ஒரு விநாடியும் யோசிக்கவில்லை.

சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிறை பளிச்சென்று கறுத்தது. பெயிண்ட் தின்னர் ஊற்றினார். பிறை கரைந்து அகலமாகி, ஏதோ லாரி திரும்பின தடம் போல ஆனது. எதிர்வீட்டிலிருந்து ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், அன்னைக்கு சர்ருனு வந்து திருப்பினீங்களே, அந்தக் கோடா?"

"மெதுவாப் பேசுங்க சார்."

"பிரமாதமாத் திருப்பினீங்க. நான் மாடியில இருந்து பார்த்துக் கை தட்டினேன். உங்களுக்குக் கேக்கல."

"யார்கிட்டயும் சொல்லிடலையே?"

"சேச்சே, யார்கிட்ட சொல்லப் போறேன். உங்க வீட்டம்மாகிட்டதான் சொன்னேன், உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் வயசே ஆகலைனு."

சர்வேயரின் பிரஷ் நின்றது. "எப்ப சொன்னீங்க?"

போஸ்ட்மாஸ்டர் யோசித்தார். "எப்பன்னு ஞாபகம் இல்லையே. அடுப்புல பால் வெச்சிருக்கேன் சார்" என்று உள்ளே போய்விட்டார்.

கடைசி ஆயுதமான ஆசிட்டை ஊற்றினார் சர்வேயர். நுரைத்தது. கம்பி பிரஷால் பிராண்டினார். தண்ணீர் விட்டார். கறுப்பு போயே போய்விட்டது. அப்பாடா என்று எழுந்து நின்று பார்த்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பாதை முழுக்கப் பல வருஷத்து அழுக்கு. அதன் நட்டநடுவில், அதே இடத்தில், அதே வளைவில், வெள்ளை வெளேரென்று ஒரு பிறை. முன்பாவது கிட்டே வந்தால்தான் தெரியும். இப்போது தெருமுனையில் இருந்தே தெரிந்தது.

ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துக் கலந்துவிடலாம் என்று தேய்த்தார். வெள்ளை பெரிதாகி வட்டமானது. வட்டத்தின் ஓரத்தைத் தேய்த்தார். அது கேட் பக்கம் ஓடியது. கேட் பக்கம் தேய்த்தால் போர்டிகோ பக்கம் கறுப்பாகத் தெரிந்தது. போன வருஷத்திலிருந்து மனைவி அந்தப் பாதையைக் கழுவச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அடுத்த வாரம்" என்பது அவருடைய நிரந்தர பதில். அந்த அடுத்த வாரம் இப்போது வந்து அவர் முட்டிக்குக் கீழே படுத்திருந்தது. பொய் சொல்வதில்லை என்ற மகத்தான முடிவை அவர் எடுத்தது இந்தக் கட்டத்தில்தான்.

கடைசி மூலையைத் தேய்த்து முடிக்கவும் கேட் கிரீச்சிட்டது. கண்ணாடிக்காரன். கையில் சொந்தமாக ஒரு பிரஷ். இன்னொரு கை இடுப்பில்.

"மாமா, நீங்களே தேய்ச்சிட்டீங்களா? நான் செஞ்ச தப்புக்கு நீங்க போய்..."

அவன் குரலில் கிண்டல் இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இல்லை. வயதில் சின்னவன், பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளை, ஒரு குற்றமும் செய்யாமல் மன்னிப்புக் கேட்டு, வலிக்கிற முதுகோடு பிரஷையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். தலையைத் தூக்க முடியாமல், ஈரத்தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"மாப்ள, அது நீ இல்ல. நான்தான். பழியை உன் தலையில போட்டுட்டேன். எனக்கு வெக்கமா இருக்குடா."

"தெரியும் மாமா."

"போஸ்ட்மாஸ்டர் சொன்னாரா?"

"இல்ல மாமா." அவன் தயங்கினான். "எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது."

சர்வேயர் வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உன் அக்காவுக்கு அது...?"

"அக்காதான் மாமா எனக்குக் கத்துக்குடுக்கப் பார்த்தாங்க. சின்ன வயசுல. விழுந்து பல்லு போனதோட விட்டுட்டோம்."

"அப்ப போன்ல ஏண்டா மன்னிப்புக் கேட்டே?"

"நான் ஓட்டலையேன்னுதான் மாமா முதல்ல சொன்னேன். அக்கா, 'ஆமான்னு சொல்லு, மத்ததெல்லாம் தானா நடக்கும்'னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. நீங்க ஒண்டியாத் தேய்ப்பீங்களேன்னு ஒத்தாசைக்கு வந்தேன்."

ஜன்னல் கண்ணாடியைக் கூட்டி அள்ளும் ஒன்றும் அறியாத பிள்ளை அவர் எதிரில் பிரஷோடு நின்றது. அழுதுகொண்டு வந்து நிற்கிற பிள்ளை யார் என்பதில் இனி சந்தேகம் இல்லை.

மனைவி திரும்பி வந்தபோது மாமாவும் மாப்பிள்ளையும் போர்டிகோ படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கேட்டில் செருப்பைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு, புதுசாய் மின்னும் பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்தார். ரசித்து நடந்தார்.

சர்வேயர் எழுந்தார். "நான்தான்மா. பொய் சொல்லிட்டேன். தம்பிகிட்டயும் ஒத்துக்கிட்டேன். இனிமே சத்தியமா..."

"விடுங்க, மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்" என்றார் மனைவி. "ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அது பெருசு."

சர்வேயர் கூனிக் குறுகினார். அத்தோடு முடிந்தது என்றும் நினைத்தார். அதனால் ரப்பர் உறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அதைக் கழட்டாதீங்க. மொட்டை மாடி பூரா பாசி பிடிச்சுக் கிடக்கு. அதுவும் தம்பி வேலைதானான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க."