முத்தாயம்மாளுக்கு ஒரு கிளாஸ்

பாட்டில் மூடியைத் திறந்ததும் காளியண்ணன் முகம் சுண்டிப்போனது. நுரையே வரவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். ஆறிப்போன பார்லிக் கஞ்சிதான்.

"என்னங்கப்பா, சரியா வந்துச்சுங்களா?" என்று மகள் மோகனப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"என்ர பீரு நல்லாத்தான் வந்திருக்குது கண்ணு. உங்கம்மா பீருதான் சப்புன்னு கெடக்குது."

முத்தாயம்மாள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திதிப் படையலில் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். கச்சாயமும் தட்டப்பயறுக் குழம்பும் மகள் பொறுப்பு. பீர் அவர் பொறுப்பு.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போன காலத்தில் அவர் சம்பாதித்து வந்ததில் மிஞ்சியது பீர் காய்ச்சும் வித்தை ஒன்றுதான். முளைகட்டிய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்த சாற்றைக் காய்ச்சிப் புளிக்கவைப்பார். முதல்முறை காய்ச்சியபோது சக்கையை எருமைக்குக் கொட்டப் போனவரை நிறுத்தியவள் முத்தாயம்மாள்.

"தேங்காயில ரெண்டாம் பாலு எடுக்கறதில்லீங்களா? இதுலயும் இன்னொருக்கா சுடுதண்ணி ஊத்தி வடிங்க. லேசா இருக்குமல்ல? எனக்கு அது போதுமுங்க."

காளியண்ணன் அசந்துபோனார். அன்றிலிருந்து ஒரே பார்லியில் இரண்டு பீர். கெட்டியானது அவருக்கு, லேசானது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எருமைத் தொட்டியோரம் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு கிளாஸோடு இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்கு முன்பெல்லாம் மதுக்கடையே கதி என்று கிடந்தவர் அவர். கடைப் பக்கம் போவது எப்போது நின்றது என்று அவருக்கே ஞாபகமில்லை. இப்போது அந்த நாற்காலியில் துணி காய்கிறது.

சப்பென்ற பீருக்கு வைத்தியமாக ஒவ்வொரு பாட்டிலிலும் நாட்டுச்சர்க்கரையை அள்ளிப் போட்டு, இறுக மூடி, சமையலறை அலமாரியில் வைத்தார்.

நாலு நாள் கழித்து, சம்பந்தி வீட்டார் வந்து காபி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, உள்ளே டமாரென்று ஒரு சத்தம்.

"குக்கருங்க" என்றாள் மோகனப்பிரியா.

மறுபடியும் டமார்.

"அதுவும் குக்கருங்களா?" என்றார் சம்பந்தி.

"ஆமாங்க, எங்கூட்டுல ரெண்டு இருக்குதுங்க."

மூன்றாவது சத்தத்துக்குச் சம்பந்தி செருப்பைத் தேடினார். காளியண்ணன் மிச்சப் பாட்டில்களை வாரிக்கொண்டு ஓடி, குளிர்ந்தால் அடங்கும் என்று எருமைத் தொட்டியில் அமுக்கினார். அவற்றின் மூடிகள் அங்கே பிய்த்துக்கொண்டன. தொட்டி முழுக்க நுரை. எருமை வந்து ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு இன்னும் கிடைக்குமா என்று பார்த்தது.

தப்பியது ஒரே ஒரு பாட்டில்.

திதியன்று அதைத்தான் கிளாஸில் ஊற்றிப் படைத்தார். பிறகு இலையையும் கிளாஸையும் மொட்டைமாடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, "வா சாமி, வா" என்று கூப்பிட்டார். காக்காய் வந்தது. கச்சாயத்தைக் கொத்தியது. சோறு எடுத்தது. கிளாஸுக்குள் தலையைச் சாய்த்துப் பார்த்தது. காலால் அதை எட்டி உதைத்துவிட்டுப் பறந்துபோனது.

காளியண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மனைவி போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

"அவ எங்கிட்ட ஆசையாக் கேட்டது அது ஒண்ணுதான் கண்ணு. அதைக்கூட ஒழுங்காக் காச்சித் தர எனக்கு வக்கில்லாமப் போச்சே. கோவிச்சுக்கிட்டுப் போறா பாரு."

எருமையிடம் பால் கறக்க வரும் ராசம்மாள் பால் போசியைக் கீழே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"கோவமெல்லாம் இல்லீங்கண்ணா, அக்கா அதுல ஒரு வாயாச்சும் குடிச்சிருந்தாத்தானுங்களே? நீங்க அக்கட்டால திரும்பறப்பெல்லாம் எருமைத் தொட்டியில சாச்சுப்போட்டு, 'எங்கையிலயும் ஒரு கிளாஸ் இருந்தாத்தான் ராசு இந்த மனுசன் கடைக்குப் போகாம எங்கூட உக்காந்து பேசறாரு'ன்னு சிரிப்பாங்க."