வண்டிக் குதிரையை வைத்து நான் போட்ட வேகக் கணக்கு

கணக்குத் தெரிந்தவர்கள் முட்டாளாவதில் ஒரு வசதி உண்டு. எந்த வரியில் முட்டாளானோம் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். நான் மூன்றாவது வரியில் ஆனேன்.

அப்போது வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசர் பயிற்சி முடித்து, வரைபட அலுவலகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். (அளவுகோல் இல்லாமல் இட்லிகூடச் சாப்பிடாத காலம்.) பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் வீட்டில் வாசம். குதிரைப் பந்தயம் நடக்கும் சனிக்கிழமைகளில் அண்ணன் மத்தியானமே மறைந்துவிடுவார். அண்ணி மூன்று பிள்ளைகளோடு தனியாக மல்லுக்கட்டுவார். அண்ணன் குதிரையைக் கனவில் தேர்ந்தெடுப்பவர்.

ஒரு புதன்கிழமை காலை, "கனவுல வாத்து வந்துச்சு. வாத்து ரெண்டு மாதிரி இருக்கும்லா. சனிக்கிழமை ரெண்டாம் நம்பர்தான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேகத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம்ண்ணே."

"சரி, உன் குதிரை என் வாத்தை முந்தட்டும், ரேசையே விட்டுடறேன். முந்தலைன்னா இந்த வீட்டுல ரேசைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக்கூடாது."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "படிச்சவ நீ. எப்படியாச்சும் காப்பாத்திடும்மா."

பழைய பத்திரிகைகளில் ஜெயித்த குதிரையின் நேரம் மட்டும் இருந்தது. மற்றவை எத்தனை குதிரை நீளம் பின்தங்கின என்று போட்டிருந்தார்கள். ஒரு குதிரை எவ்வளவு நீளம்? அண்ணனைக் கேட்டிருக்கலாம். (அவரையா? நானா?) அளவு நாடாவோடு தெருமுனை வண்டிக்காரரிடம் போனேன்.

"அண்ணே, உங்க குதிரையை அளந்துக்கவா?"

"ஏம்மா, சட்டை தைக்கவா?"

மூக்கிலிருந்து வால்வரை ஆறடி. மூன்றாவது வரியில் குறித்துக்கொண்டேன். அது என் தோளுக்கும் எட்டாத மட்டக்குதிரை என்பது எனக்கு ஒரு தகவலாகவே படவில்லை.

தூரம், நேரம், சுமந்த எடை, மைதானத்தின் ஈரம், எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டேன். ஜெயித்ததா, தோற்றதா என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது வெறும் உணர்ச்சி சம்பந்தப்பட்டது என்று நினைத்தேன். மூன்று மாலை உழைத்த பிறகு, அந்த ரேசில் ஓடவிருந்தவற்றில் முதலிடத்தில் நின்றது 'கிரே லேடி'. முதல்தர வேகக் குதிரைகளோடு மட்டுமே ஓடி, ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்த உத்தமி. எட்டடிப் பந்தயக் குதிரையை ஆறடியாக்கிய என் கணக்கில், அது பின்தங்கிய தூரமெல்லாம் சுருங்கி, அதன் நேரம் ஜெயித்த குதிரைகளின் நேரத்தை ஒட்டி வந்திருந்தது.

சனிக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். "கடைசி தடவைதானே, நானும் பாத்துடறேன்" என்று அண்ணியும் கிளம்பினார்.

ரெண்டாம் நம்பர் முதலில் வந்தது. பிறகு மற்றவை வந்தன. பிறகு ஜனங்கள் தேநீர் குடிக்க எழுந்தார்கள். அதற்கும் பிறகு கிரே லேடி வளைவில் தென்பட்டது. முன்வரிசைப் பெரியவர் திரும்பி, "அது அடுத்த ரேசுக்கு வர்ற குதிரையாம்மா?" என்று கேட்டார்.

அண்ணன் திட்டவில்லை. "எத்தனை குதிரை நீளம்னு எழுதிக்கம்மா" என்றார்.

அண்ணியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டிருந்தது. "அந்த ரெண்டாம் நம்பர் ஓடினதைப் பாத்தியா?" என்றார்.

இப்போது பந்தயச் சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே போகிறார்கள். அண்ணிக்கும் கனவு வருகிறது. அதன் பிறகு ஒரு கனவும் ஜெயித்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை. பிள்ளைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் மூத்தவளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கச் சிலேட்டை எடுத்தேன். அவள் பல்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்:

"அத்தை, இது நிஜக் கணக்கா, குதிரைக் கணக்கா?"