வேனுக்குச் சாம்பிராணி போட்டவர்

தன் கடையைத் தேடி வருகிற மனிதர்களை இவ்வளவு மனமார வெறுத்த ஒரு கடைக்காரர், ஈப்போவிலிருந்து கோப்பெங் வரைக்கும் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே வேறு யாரும் இருக்க முடியாது. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. காசும் கொடுத்துத் திட்டும் வாங்கினால் அது அவ்வளவு சீக்கிரம் ஆறுமா?

சிம்பாங் பூலாயில், சுண்ணாம்பு மலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. கார், வேன் என்று எந்தக் காடி வந்தாலும், புகை வெளியேறுகிற எக்சோஸ் குழாயை மட்டும்தான் பார்ப்பார். தெரியாத்தனமாக யாராவது பிரேக்கைப் பற்றிக் கேட்டுவிட்டால், "என் மூஞ்சியில பிரேக்குன்னு எழுதி ஒட்டியிருக்கா?" என்று பாய்வார். அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் சாம்பிராணி அண்ணே.

பெயருக்குக் காரணம் உண்டு. குழாயில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க காடி பழுது பார்க்கிற மற்ற போர்மேன்கள் காதை வைப்பார்கள், கையை வைப்பார்கள். இவர் ஒரு தூபக்காலில் கரி மூட்டி, சாம்பிராணியை அள்ளித் தூவுவார். பழைய வேக்கும் கிளீனர் ஒன்றை உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதும்படி மாற்றி வைத்திருந்தார். அதை வைத்து அந்தப் புகையைக் காடியின் பின்பக்கக் குழாய்க்குள் ஏற்றுவார். பிறகு காடிக்கு அடியில் படுத்துக்கொண்டு, புகை எங்கே கசிகிறது என்று பார்ப்பார். யாரிடம் கற்றார் என்று ஒருமுறை கேட்டேன். "உன்கிட்ட இல்ல" என்றார்.

நான் முதல் தடவை போனபோதே சண்டைதான்.

"அண்ணே, காடி ஒரு மாதிரி சத்தம் போடுது."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?"

நானும் வெட்கத்தை விட்டு, நடுப்பட்டறையில் நின்று, "ட்ர்ர்ர்ர்ர்" என்று செய்து காட்டினேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "இப்ப ரிப்பேர் பண்ண வேண்டியது காடியா, உன்னயா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது.

அன்றுதான் இன்னொரு கூத்தும் நடந்தது. என் காடியின் அடியிலிருந்து சாம்பிராணிப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. கேமரன் மலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பதி அதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகூப்பினார்கள். அந்த அம்மா என் காடியின் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எக்சோஸ் பாக்குற எடம்மா இது! சாமி கும்பிடணும்னா குகைக் கோயிலுக்குப் போங்க!" என்று அடியிலிருந்து ஒரு கர்ஜனை. கடவுளைக் காணவில்லை, குரல் மட்டும் வருகிறது. அந்த அம்மா பயபக்தியோடு இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனார்.

இளைஞர்கள் வந்தால் இன்னும் மோசம். மோட்டார் சைக்கிளுக்குச் சத்தமான குழாய் வேண்டும் என்று ஒருவன் வந்தான்.

"நான் போறது ஊருக்கே கேக்கணும்ணே."

"கேட்டு ஊரு என்ன லா செய்யப்போவுது? எந்திரிச்சு நின்னு பாட்டுப் பாடுமா?"

அவன் போன வேகத்தில் மோட்டார் சைக்கிளை எடுத்துப் போனானா, விட்டுவிட்டுப் போனானா என்றே எனக்குச் சந்தேகம்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் லெட்சுமி அக்காவை அழைத்துக்கொண்டு போனேன் பாருங்கள், என் நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கணவர் போன பிறகு பழைய பள்ளி வேன் ஒன்றுதான் அவருக்குச் சோறு போட்டது. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில் இன்னும் கொஞ்சம் குடும்பங்கள், வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளியில் இறக்குவார்.

கொஞ்ச நாளாக வேனில் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். தலைவலி என்றார்கள். பள்ளியில் இறங்கும்போது தூங்கி வழிந்தார்கள், இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டார்கள். லயத்து அம்மாக்கள் கூடிப் பேசி முடிவு கட்டிவிட்டார்கள். தோட்டத்துப் பழைய சுடுகாட்டு முனையில் வேன் திரும்புகிறதல்லவா, அங்கேதான் ஏதோ ஏறிக்கொண்டதாம்! கண்ணாடியில் தாயத்துத் தொங்கியது. முன்பக்கம் எலுமிச்சை. போதாதென்று ஒவ்வொரு அம்மாவும் பிள்ளையின் நெற்றியிலும் மூக்கிலும் தைலத்தைக் கொழகொழவென்று பூசி அனுப்பினார்கள். அப்படியும் நிற்காமல் போக, பேய் பிடித்த வேனில் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று ஒவ்வொருவராக விலக ஆரம்பித்தார்கள். அக்கா இரவெல்லாம் அழுதார்.

இதற்கு நடுவில் வேனும் உறும ஆரம்பித்தது. டவுனில் ஒரு பட்டறையில் பார்த்து, எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உறுமல் நிற்கவில்லை. அதற்காகத்தான் சாம்பிராணி அண்ணேயிடம் போனோம். வாந்தி விஷயத்தைச் சொல்ல வேண்டாம், ஊரெல்லாம் பரவிவிடும் என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அண்ணே வேன் கதவைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார்.

"இது வேனா, தைலக் கடையா?"

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சத்தியத்தை அவரே மறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். ஆனால் அண்ணே திட்டவில்லை. விறுவிறுவென்று தூபக்காலை மூட்டி, புகையைக் குழாயில் ஏற்றினார்.

நாங்கள் வேனுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தோம். புகை அங்கே கசிந்ததோடு நிற்கவில்லை. வேனுக்கு உள்ளே, கடைசி இருக்கையின் கீழே, தரைவிரிப்பின் ஓரத்திலிருந்து எழும்பியது. பிள்ளைகள் உட்காருகிற இடமெல்லாம் பரவி, ஜன்னல் வழியாக வெளியே வந்தது. அக்கா பழக்கதோஷத்தில் கைகூப்பிவிட்டார்.

"கும்பிடாத!" என்று அண்ணே அலறிய அலறலில் மலைக் குரங்குகள் ஓடியிருக்கும்.

விரிப்பை உரித்து எறிந்தார். தரையில் துருப்பிடித்த ஓட்டை. அதற்கு நேர் கீழே குழாயும் இற்றுப்போயிருந்தது. டவுன் பட்டறைக்காரன் அதன்மேல் பால் டின் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டி அனுப்பியிருக்கிறான். பாவி! அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாளும் பிள்ளைகள் வேன் கக்கிய புகையைச் சுவாசித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள்.

"எக்சோஸ் பொகையில ஒரு விஷம் இருக்கு. அதுக்கு வாடையே கெடையாது. மத்தப் பொகை நாறி, அதக் காட்டிக் குடுத்திருக்கும். அந்த நாத்தத்தையும் தைலத்தப் பூசி மறைச்சிட்டீங்க! பேயாம் பேய்! இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, தூங்குன புள்ள எந்திரிச்சிருக்காது!"

சொல்லிவிட்டு வேன் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பரீட்சை" என்று அக்கா கெஞ்சினார். "நாளைக்கு நான் போகலேன்னா மிச்சம் இருக்கிறவங்களும் வேற வேனுக்குப் போயிருவாங்கண்ணே. என் பொழப்பே போச்சு."

"இந்த வேன் வெளிய போவாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்க கஷ்டம் உங்களுக்கு என்னண்ணே தெரியும்? சாவியக் குடுங்க! நீங்கெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்தினேன். அவர் பதிலுக்கு என்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். சொல்லி முடித்ததும் அவர் குனிந்து குழாயை அறுக்கத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அக்காவின் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் கோயில் கமிட்டி வேன்! கூரையில் ஒலிபெருக்கியோடு, பட்டறையில் வேலை முடிந்து நின்றிருந்த வேன் அது. கோயில் தலைவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, திட்டிச் சம்மதம் வாங்கியிருக்கிறார் அண்ணே. அக்காவை ஓட்டச் சொன்னார். என்னைப் பார்த்து, "மனுஷனான்னு கேட்டியே, வந்து பாரு. ஏறு லா!" என்றார்.

லயத்தில் அம்மாக்கள் கூட்டமாக நின்றார்கள். அண்ணே அறுத்தெடுத்த குழாயைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினார். சாம்பிராணி போட்டதைப் பற்றி, புகையைப் பற்றி, விஷத்தைப் பற்றி, தைலத்தைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தினார். அம்மாக்கள் அந்தத் துருப்பிடித்த குழாயையும் கோயில் வேனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஓர் அம்மா தணிந்த குரலில் கேட்டார்: "சாம்பிராணி போட்டதும் இதுக்குள்ள இருந்துதான் வெளிய வந்துச்சாண்ணே?"

"ஆமா, இதுக்குள்ள இருந்துதான்!"

அவ்வளவுதான், பேய் ஒழிந்தது. அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளோடு, விலகிப் போன பிள்ளைகளையும் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். ஒருவர் அண்ணேயின் காலிலேயே விழுந்தார். "நான் போர்மேன்! போர்மேன்!" என்று அவர் குதித்தார். யார் கேட்டார்கள்?

வழி நெடுக அக்கா ஓட்டுவதை அண்ணே குறை சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே பின்னால் திரும்பி, ஒவ்வொரு பிள்ளையிடமும் கடுகடுவென்று கேட்டார்: "தலை வலிக்குதா? மயக்கமா வருதா? வாயத் தொறந்து சொல்லு!"

"தலை வலிக்கலண்ணே, காதுதான் வலிக்குது" என்றாள் ஒரு சின்னப் பெண். அவர் முகத்தைச் சட்டென்று ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா வேனின் தரை ஓட்டையை அடைத்து, புதுக் குழாய் பொருத்தி, மறுபடியும் சாம்பிராணிப் புகை ஏற்றிப் பார்த்து, ஒரு துளியும் உள்ளே வராத பிறகுதான் சாவியைக் கொடுத்தார். இன்றைக்கும் அக்காவின் வேன் காலையில் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் போகிறது. அக்கா வேகத்தைக் குறைப்பார். பிள்ளைகள் ஜன்னலில் முண்டியடித்துக் கத்துவார்கள். இவர் சாலையோரம் வந்து, தலையைச் சாய்த்து, குழாயின் சத்தத்தைக் கேட்பார். அது சரியாக இருந்தால், "தலைய உள்ள இழு! கழுதைங்களா!" என்று ஒரு கூச்சல் போட்டுவிட்டுத் திரும்புவார். அது முடிகிற வரைக்கும் எவன் காடியையும் தொடமாட்டார்.

அன்று என்னைச் சொன்ன சொல்லுக்கு அந்த மனிதர் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. என் கோபமும் போகவில்லை. ஆனால் இந்த வருடம் என் மகள் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்திருக்கிறாள். அக்கா வேனில் கடைசி இருக்கை அவளுக்கு. அவள் பள்ளிவிட்டு வந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"சாம்பிராணி மாமா இன்னிக்குத் திட்டினாராம்மா?"

"திட்டினாருப்பா."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.