மனைவிக்கு ஒரு பார்சல்

பொய் சொல்லும் திறமை எனக்குக் கிடையாது. ஆனால் ஒரே பொய்யை மூன்று வருடம் விடாமல் சொல்லும் பொறுமை இருந்தது.

"எங்கை, மதி வரேல்லையோ?"

"அவவுக்கு ஷிப்ட்."

மதி என் மனைவி. அதாவது, மனைவியாக இருந்தவர். சண்டை சச்சரவில்லாமல் பிரிந்து பர்மிங்காம் போய்விட்டார். அதைச் சொந்தக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (முடி வெட்டுபவரிடம் 'இன்னும் கொஞ்சம் குறையுங்கோ' என்று சொல்லக் கூச்சப்பட்டு, மிச்சத்தை வேறு கடையில் போய் வெட்டியவன் நான்.)

லண்டன் மோர்டனில் சொந்தக்காரர் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பெரியம்மாவின் மகள் கமலா அக்கா, "பாவம், ஷிப்டாலை பசியோடை வருவாள்" என்று எனக்குத் தரும் பார்சலோடு மதிக்கும் ஒன்று கட்டித் தருவார். அதையும் வீட்டில் நானே சாப்பிடுவேன். அந்த மூன்று வருடத்தில் இரண்டு முறை பெல்ட் மாற்றினேன்.

பிறகு வந்தது வினை. மதி டச்சு பாஸ்போர்ட்காரி. அவருடைய கணவன் என்றுதான் எனக்கு இங்கே தற்காலிக வதிவிட விசா தந்திருந்தார்கள். அதை நிரந்தரமாக்க, கல்யாணம் உண்மையானது, சேர்ந்து வாழ்ந்தோம், பிறகு முறைப்படி பிரிந்தோம் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மதி தன் பங்குக் கடதாசிகளை எல்லாம் ஒழுங்காக அனுப்பிவிட்டார். எங்களை அறிந்த ஒருவரின் கடிதமும் வேண்டும் என்றார் சட்டத்தரணி.

கமலா அக்காவிடம் போனேன்.

"அக்கா, நானும் மதியும் ஒரு வீட்டிலை இருந்தது எண்டு ஒரு கடிதம் வேணும். விசா அலுவல்."

'பிரிந்தோம்' என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். அக்கா ஒன்றும் கேட்காமல் எழுதி, உறையை ஒட்டித் தந்தார். திறந்து பார்க்கவும் எனக்குக் கூச்சம்.

சட்டத்தரணி என் வயதில் பாதி இருக்கும் பிள்ளை. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணை, உங்களுக்கு டிவோர்ஸ் ஆயிட்டுதோ இல்லையோ?"

"ஓம்... ஆயிட்டுது."

"இதிலை வைஃப் இண்டைக்கும் உங்களோடைதான் இருக்கிறா எண்டு கிடக்கு. போன கிழமையும் அவவுக்குச் சாப்பாடு கொண்டு போனீங்களாம். இதை அனுப்பினா நீங்கள் ஊருக்குத்தான் போவீங்கள்!"

அன்று பின்னேரமே அக்கா வீட்டு வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அக்கா, நாங்கள் டிவோர்ஸ் எடுத்து மூண்டு வருசம்."

"அது தெரியும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வா."

"தெரியுமோ? பிறகேன் அப்பிடி எழுதினனீங்கள்?"

"நீ எங்களுக்கே மறைக்கிறாய். கவுண்மேந்துக்கு நான் காட்டிக் குடுப்பனோ?"

"அப்ப அந்தப் பார்சல்?"

"தனிய இருக்கிற பெடியன், அடுத்த நாளும் சாப்பிடட்டும் எண்டுதான்." (பெடியனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.)

அக்காவின் கணவர், அத்தான், உள்ளேயிருந்து கத்தினார்: "உன்ரை வயித்தைப் பாக்கவே விளங்கும், இரண்டையும் ஆர் சாப்பிடுறது எண்டு!"

அக்கா புதுக் கடிதம் எழுதினார். இந்த முறை வாசித்துப் பார்த்தேன். 'மூன்று வருடமாகத் தனியே இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார்' என்று முடிந்திருந்தது. கடைசி வரியை மட்டும் சட்டத்தரணி எடுக்கச் சொன்னார். நிரந்தர வதிவிடம் கிடைத்தது.

இப்போதும் விசேஷங்களில் எனக்கு இரண்டு பார்சல்தான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மதியும் வந்திருந்தார். அவருக்கு முன்னாலேயே அக்கா என் கையில் திணித்தார்: "இது உனக்கு. இது ஷிப்டிலை நிக்கிற மதிக்கு."

என் பொய்க் கதையை அக்காவிடம் ஏற்கெனவே கேட்டிருந்த மதி, தன் பார்சலை வாங்கி, கையில் பாரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பரவாயில்லை, இவ்வளவு காலமும் நான் வடிவாத்தான் சாப்பிட்டிருக்கிறன்."