தஸ்ரூக் பாதையில் ஒரு சிவப்பு ஃபில்டர்

நடந்ததை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு மாதிரி சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். ஆனாலும் என் தரப்பை யாராவது கேட்க வேண்டாமா?

பாலைவனத்துக்காரர்களான எங்கள் ஆட்களில் கூடாரம் மனைவியுடையது. பாய், தோல்பை, பாத்திரம், ஆடு எல்லாமே அவள் கொண்டுவந்தவை. தமன்ராசெட்டில் இப்போது சுவர் வைத்த வீட்டில் இருக்கிறோம், கூடாரம் முற்றத்துக்குப் போய்விட்டது, சட்டம் மட்டும் மாறவில்லை. சண்டை வந்தால் எழுந்து வெளியே போக வேண்டியவன் புருஷன். இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனை தடவை எழுந்து போயிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். போகிற இடத்தை மட்டும் சொல்கிறேன். வாசலில் நிற்கும் என் பழைய டீசல் பிக்கப். இந்த உலகத்தில் என்னுடையது அது ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டால் கெனான் என்கிற நான் ராஜா.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தீர்மானம் எடுத்தேன். இனி வண்டி விஷயத்தில் என் மனைவி ரைஷா வாயைத் திறக்கக் கூடாது. அவளிடமும் சொல்லிவிட்டேன். தீர்மானத்துக்கு அன்றைக்கே சோதனை வந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன், அரைக் கூடை மண் கொட்டியது. பேப்பர் மடிப்பெல்லாம் கிழிந்து கிடந்தது. வியாழக்கிழமை என் மாமியாரை ஏற்றிக்கொண்டு தஸ்ரூக்குக்குப் போக வேண்டும். அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். வழி முழுக்க மண் பாதை.

"பேப்பர் ஃபில்டரே வாங்குங்க," என்றாள் ரைஷா.

"நான் உன்கிட்ட கேட்டேனா?"

"கேக்கல. அதான் சும்மா சொல்றேன்."

"முராத் கடையில சிவப்பு ஃபில்டர் வந்திருக்கு. பேப்பர் இல்ல, பருத்தித் துணி. எண்ணெய் போட்டு, கழுவிக் கழுவி ஆயுசுக்கும் ஓட்டலாம். எஞ்சினுக்கு மூச்சு நல்லா வருமாம்."

"மூச்சு நல்லா வந்தா மண்ணும் நல்லா வரும்ல?"

"எஞ்சினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"மாவு சலிக்கத் தெரியும். சல்லடைக் கண்ணு பெரிசா இருந்தா சீக்கிரம் விழும். தவிடும் சேர்ந்து விழும்."

நான் பழைய ஃபில்டரை இன்னொரு தடவை தட்டினேன். அவள் விடவில்லை.

"அந்தப் பாதையில கிடக்கிறது மணலா? மாவு மாதிரி புழுதி. அதுக்குப் பேப்பர்தான் தாங்கும். காத்து இழுக்கிற குழாய் மேல சுழல் கிண்ணம் ஒண்ணு மாட்டிட்டா பாதிப் புழுதி அதுலயே விழுந்துடும். கையில இன்னொரு பேப்பர் உபரியா வெச்சுக்கணும்."

"ரைஷா, கூடாரம் உன்னோடது. குச்சியை எங்க நடணும்னு நான் சொல்றேனா?"

"போன வாரம் சொன்னீங்க."

"நீ கேட்டியா?"

"இல்ல."

"அப்ப நானும் கேக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். "சரிங்க. உங்க வண்டி, உங்க இஷ்டம்." அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவள் என் இஷ்டம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சிவப்பு ஃபில்டரை வாங்கிக்கொண்டு அகாலியின் பட்டறைக்குப் போனேன். அகாலி என் தாய்மாமன் மகன். என்னைக் கிண்டல் செய்ய அவனுக்குப் பிறவி உரிமை உண்டு.

"மச்சான், இது ரேஸ் ஓட்டுறவனுக்கு. அவன் ஒரு நாள் ஓட்டிட்டு எஞ்சினையே மாத்திடுவான். உனக்கு எஞ்சின் ஒண்ணு, மாமியாரும் ஒண்ணு."

"மாட்டுடா."

"எண்ணெயாவது அளவா விடு."

எண்ணெய்தான் புழுதியைப் பிடிக்கும் என்று முராத் சொல்லியிருந்தான். அப்படியானால் நிறைய எண்ணெய் நிறையப் புழுதியைப் பிடிக்கும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. பாட்டில் முழுவதையும் கவிழ்த்தேன். உபரியாகப் பேப்பர் ஃபில்டர் எதுவும் எடுத்துவைக்கவில்லை. ஒன்றை நம்பிய பிறகு இன்னொன்றை ஒளித்துவைப்பது கோழைத்தனம்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், நடுவில் ரைஷா, ஜன்னலோரம் மாமியார். எங்கள் ஆண்கள் தலையைச் சுற்றி வாயையும் மூடிக் கட்டுவது முகத்துணி; மாமியார் முன்னால் மருமகன் அதை இறக்கக் கூடாது. வாய் தெரியக் கூடாது. அவரிடம் நேராகப் பேசவும் கூடாது. அதனால் நான் விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேச்செல்லாம் ரைஷா வழியாகத்தான் போய் வந்தது.

"ரைஷா, உன் புருஷன் ஏன் என் தம்பி வண்டிக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டுப் போறார்னு கேளு. எல்லாப் புழுதியும் நம்ம மேலதான் வருது."

"ஏன் ஒட்டிக்கிட்டுப் போறீங்கன்னு அம்மா கேக்கறாங்க."

"பெரியவர் வண்டியை முந்தறது மரியாதை இல்லன்னு சொல்லு."

"புது ஃபில்டருக்குத் தீனி போடறாராம்மா."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுக்க வேண்டுமென்றால் மாமியாரிடம் நேராகப் பேச வேண்டும்.

நண்பகலில் வண்டி இருமியது. கரும்புகை விட்டது. பிறகு முழங்கால் ஆழப் புழுதிக்கு நடுவே அடங்கி நின்றுவிட்டது. ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். சிவப்பைக் காணவில்லை. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பிசைந்த மாவாக இறுகிக் கிடந்தது. கழுவலாம், காய ஒரு நாள் ஆகும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் அந்தப் புழுதியே எஞ்சினை உள்ளுக்குள் அரைத்துத் தின்றுவிடும். முன்னால் போன பெரியவர் வண்டி கண்ணுக்கே தெரியவில்லை. பெண் வீட்டில் மூத்தவர் என்ற முறையில் மாமியார் போய் நின்றால்தான் அங்கே கல்யாணக் கூடாரம் எழும். அவர் போகவில்லை என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் வெறும் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், என் பெயரைச் சொல்லிக்கொண்டு.

மாமியார் மெதுவாக இறங்கி வந்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"நல்ல துணி," என்றார், மலையைப் பார்த்து. "நெருக்கமான நெசவு. எட்டு கஜம் இருக்கும்."

"அம்மா சொல்றாங்க..."

"கேட்டுச்சு," என்றேன்.

பதினோரு வருஷமாக அந்த அம்மாள் என் மூக்குக்குக் கீழே பார்த்ததில்லை. அங்கே என்ன இருக்கிறதோ, அதைப் பற்றி நல்ல எண்ணத்தோடுதான் இருந்தார். துணியை அவிழ்த்து எஞ்சினுக்குக் கட்டிவிட்டு, வெறும் வாயோடு கல்யாண வீட்டில் போய் இறங்குவதா? அதைவிட அங்கேயே புதைந்துபோகலாம்.

"வேற வழி சொல்லு ரைஷா."

"வண்டி விஷயத்துல நான் வாயத் திறக்கக் கூடாதே."

"இப்ப திற."

"இப்ப மட்டுமா, எப்பவுமா?"

பாதையைப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. மாமியாரைப் பார்த்தேன். இன்னும் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும்."

"அம்மா முன்னால சொல்லுங்க."

"அவங்ககிட்ட நான் எப்படிப் பேசறது? நீயே சொல்லு."

ரைஷா திரும்பினாள். "அம்மா, இனிமே இந்த வண்டி என்னோடதுன்னு சொல்றாரு."

"நான் எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

மாமியார் தலையசைத்தார். "நல்ல மனசு. அல்லா நல்லா வெச்சிருக்கட்டும்."

மாமியாரே வாழ்த்திவிட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அவரிடம் பேசியதாகிவிடும். முகத்துணிக்குள் வாயை மூடிக்கொண்டேன். என் ராஜ்யம் போனது அப்படித்தான்.

ரைஷா டீச்சாமான் வைத்திருந்த தோல்பைக்குள் கையை விட்டு, உறை பிரிக்காத புதுப் பேப்பர் ஃபில்டரை எடுத்தாள். ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்தாள். ஃபில்டரை வைத்து, ரப்பர் ஓரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். கொக்கிகளைப் போட்டாள்.

"இது எப்ப வாங்கின?"

"செவ்வாய்க்கிழமை. நீங்க சிவப்பு ஃபில்டரோட கடையை விட்டு வெளிய வந்தீங்கல்ல, அப்பதான் நான் உள்ள போனேன்."

"காலையிலயே சொல்லியிருக்கலாமே?"

"காலையில அது உங்க வண்டி."

பிறகு கையை நீட்டினாள். "சாவி."

"எதுக்கு? உனக்கு ஓட்டத் தெரியாதே!"

மாமியார் ஜன்னலோரம் ஏறிக்கொண்டார். எனக்குப் பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. ரைஷா நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் போட்டாள். கிளட்ச்சைப் பூப்போல விட்டாள். பழைய தடத்தில் போகாமல், காற்று வரும் பக்கமாக ஒதுங்கி, அந்தப் புழுதியைக் குலுக்கல்கூட இல்லாமல் கடந்தாள். நான் அந்த இடத்தில் நாலு தடவை சிக்கியிருக்கிறேன். கண்ணாடியைத் தட்டினேன்.

"எப்படீ கத்துக்கிட்ட?"

அவள் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க மதியம் தூங்கற நேரத்துல அம்மாதான் கத்துக் குடுத்தாங்க. இதே வண்டியிலதான், மூணு வருஷம் ஆச்சு."